டிசைன் டிஸ்ட்ரிக்ட்: மாவட்டம் அல்ல, வலயம்

அமெரிக்க நகரம் ஒன்று தன் டவுன்டவுன் டிசைன் டிஸ்ட்ரிக்டை விரிவாக்கப்போகிறது என்ற செய்தியைத் தமிழில் எழுதுபவர் பெரும்பாலும் ‘வடிவமைப்பு மாவட்டம்’ என்று எழுதிவிடுகிறார். படிப்பவர் மனதில் கலெக்டர் அலுவலகம் வருகிறது. அல்லது துணி, நாற்காலி, விளக்கு வடிவமைப்பவர்கள் கடை போட்டிருக்கும் பகுதி வருகிறது. இந்த இரண்டாவது எண்ணம் முழுத் தவறும் இல்லை. மயாமியிலும் டாலஸிலும் இதே பெயரில் இருப்பவை அப்படிப்பட்ட வணிகப் பகுதிகள்தான். நகர்மன்றத் தீர்மானத்தில் வரும் டிசைன் டிஸ்ட்ரிக்ட் வேறு. அது நகர வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. கோட்டுக்குள் புதிதாகக் கட்டுபவர், முகப்பை மாற்றுபவர், பெயர்ப்பலகை மாட்டுபவர் எல்லாரும் ஊருக்குப் பொதுவான விதிகளோடு கூடுதலாக ஒரு வடிவ விதித்தொகுப்புக்கும் கட்டுப்பட வேண்டும்.

அந்த விதித்தொகுப்பை வடிவநெறி என்றால், அது செல்லும் எல்லைக்கு ‘வடிவநெறி வலயம்’ என்பது பொருந்தும். ஏன் என்பதற்கு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டவுன்டவுன் என்பதில் ஒரே சொல் இரண்டு முறை வருவதாகத் தமிழ்க் காதுக்குக் கேட்கும். உண்மையில் இரண்டும் வெவ்வேறு சொற்கள்: முன்னது ‘கீழே’, பின்னது ‘ஊர்’. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் ஊர் தெற்கு முனையில் தொடங்கி வடக்கே வளர்ந்தது. வடக்கே போவதை மேலே போவது என்றார்கள், தெற்கே வருவதைக் கீழே வருவது என்றார்கள். பழைய வணிகப் பகுதி தெற்கில் இருந்ததால் ‘கீழூர்’ என்பதே கடைவீதிக்குப் பெயராகி, மேலும் கீழும் இல்லாத ஊர்களுக்கும் பரவிவிட்டது. திருநெல்வேலிக்காரர் ‘டவுனுக்குப் போறேன்’ என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகள் என்று பொருள். அந்த டவுன் வெறும் ஊர். ஆகவே ‘கீழூர்’ சொல்லுக்குச் சரி, பொருளுக்கு ஆகாது. ‘நகர மையம்’ போதும்.

டிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லின் பிறப்பு சுவையானது. லத்தீனில் ‘டிஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிப் பிடித்தல், தடுத்து நிறுத்துதல். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் தண்டிக்கும் அதிகாரம் செல்லும் எல்லை ‘டிஸ்ட்ரிக்டுஸ்’ ஆயிற்று. கட்டுப்பாடு என்பது அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. நமது மாவட்டத்தில் அது இல்லை. மாவட்டம் வருவாய் நிர்வாகப் பிரிவு மட்டுமே. அமெரிக்க நகரச் சட்டங்களிலோ டிஸ்ட்ரிக்டும் ஜோனும் ஏறக்குறைய ஒரே பொருளில்தான் வருகின்றன. 1920களில் அமெரிக்க வணிகத்துறை மாநிலங்களுக்காகத் தயாரித்த மாதிரிச் சட்டத்தின் பெயரில் ‘ஜோனிங்’, அதாவது ஜோன்களாகப் பிரித்தல், இருக்கிறது. உள்ளே நகரத்தைப் பிரிக்கச் சொல்லும் பிரிவோ ‘டிஸ்ட்ரிக்டுகளாக’ என்கிறது.

ஜோன் கிரேக்கத்தில் ‘ஜோனே’. இடையில் கட்டும் கச்சை, நம் மேகலை. பூமியைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல வெப்பப் பகுதி, குளிர்ப் பகுதி என்று பிரித்ததில் புவியியலுக்கு வந்து, அங்கிருந்து நகர வரைபடத்துக்கு இறங்கியது. வலயம் என்றால் கைவளை, வட்டம். ஒன்று இடுப்பில், ஒன்று கையில். இரண்டும் சுற்றி வளைப்பவை. இலங்கைத் தமிழில் கல்வி வலயம், சுதந்திர வர்த்தக வலயம் என்று இந்தச் சொல் நன்றாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் மண்டலம் உட்கார்ந்திருக்கிறது: மாநகராட்சி மண்டலம், சிறப்புப் பொருளாதார மண்டலம். அதுவும் வட்டம்தான், அதுவும் வடமொழி வழி வந்ததுதான். ஆனால் தொண்டைமண்டலம், சோழமண்டலம் என்று நாட்டளவுக்குப் பழகிய சொல்லை நாலு தெருவுக்குப் போட்டால் சட்டை தொளதொளக்கும். தவிர, மாநகராட்சி மண்டலம் என்பது வரி கட்டவும் குப்பை அள்ளவும் பிரித்த நிர்வாகப் பிரிவு. இங்கே பேசுவது விதி செல்லும் எல்லை. குழப்பம் வேண்டாம் என்பவர் வலயத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

இன்ன தொழில் இன்ன இடத்தில் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரைக் கடலோர மருவூர்ப்பாக்கம், அரசர் வாழும் பட்டினப்பாக்கம் என்று இரண்டாகக் காட்டி, இடையில் நாளங்காடியை வைக்கிறது. அது வழக்கத்தால் அமைந்த பிரிவு. எழுதிய விதியும், மீறினால் அனுமதி மறுப்பதும் பிற்காலச் சரக்கு.

எழுதிய விதியின் வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் 1891இலேயே நகரைப் பகுதிகளாகப் பிரித்துக் கட்டட அளவை வகுத்தது. மன்ஹாட்டனின் கீழ்முனையில் 1915இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் மனையின் விளிம்பிலிருந்தே நேராக வானத்துக்குப் போய்ச் சுற்றியிருந்த தெருக்களை நிழலில் தள்ளியது. அடுத்த ஆண்டே நியூயார்க் தன் ஜோனிங் விதியைக் கொண்டுவந்தது. அந்தக் கட்டடம் மட்டும் காரணம் இல்லை. ஐந்தாம் அவென்யூ வணிகர்கள் தையல் தொழிற்கூடங்கள் தங்கள் பக்கம் வராமல் தடுக்க விரும்பியதும் ஒரு காரணம். இப்படி ஊரைப் பிரிப்பது அரசியல் சட்டப்படி செல்லும் என்று 1926இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் சிக்கிய ஊர் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட். அதனால்தான் பயன்பாட்டை வைத்துப் பிரிக்கும் முறைக்கு ‘யூக்ளிடியன் ஜோனிங்’ என்று பெயர். இதை ‘வடிவியல் வலயமாக்கம்’ என்று மொழிபெயர்த்தால் பிழை. ‘பயன்பாட்டு வலயமாக்கம்’ என்பதே பொருள்.

பயன்பாட்டிலிருந்து தோற்றத்துக்கு விதி தாவியது 1931இல், தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில். மோட்டார் கார் வந்ததும் பெட்ரோல் நிலையம் வைக்கப் பழைய வீடுகள் இடிபட்டன. உள்ளிருந்த மரவேலைகளையும் இரும்புக் கிராதிகளையும் வெளியூர்க்காரர்கள் விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார்கள். நகரம் தன் பழைய பகுதியைச் சுற்றிக் கோடு போட்டது. உள்ளே முகப்பு மாற்றம் எதுவானாலும் ஒரு கட்டடக்கலை வாரியம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. அமெரிக்காவில் வலய விதியால் பழைய பகுதியைக் காத்த முதல் நகரம் அதுதான். 1966இல் அந்த எல்லை விரிந்தது. இன்று ஊருக்கு ஊர் நடக்கும் டிசைன் டிஸ்ட்ரிக்ட் விரிவாக்கங்களுக்கு மூத்த அண்ணன் இது.

இந்த வலயங்கள் பெரும்பாலும் ‘ஓவர்லே’ வகை. வரைபடத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து இன்னொரு கோடு போடுவதிலிருந்து வந்த பெயர். ‘மேலடுக்கு வலயம்’ என்றால் சரியாக இருக்கும். அடியில் இருக்கும் வணிக வலயமோ குடியிருப்பு வலயமோ அப்படியே நிற்கும். என்ன தொழில் செய்யலாம் என்பதை அடியடுக்கும், கட்டடம் எப்படி நிற்கவேண்டும் என்பதை மேலடுக்கும் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று விதியிலேயே ஒரு வரி இருக்கவேண்டும். பெரும்பாலும் கடுமையானது செல்லும் என்று எழுதுவார்கள். சில இடங்களில் மேலடுக்கே செல்லும். அந்த ஒரு வரி விடுபட்டால் முதல் விண்ணப்பத்திலேயே சண்டை வரும்.

இங்கே ‘செட்பேக்’ என்ற சொல் காலை வாரிவிடும். 1916 நியூயார்க்கில் அது உயரே போகப்போகக் கட்டடம் படிபோல் உள்வாங்குவதைக் குறித்தது. தமிழ்நாட்டில் திட்ட அனுமதி வாங்கியவர்களுக்கு அது மனை எல்லையிலிருந்து விடவேண்டிய காலியிடம். நகர மைய வடிவநெறி இதைத் தலைகீழாக்குகிறது: சுவர் நடைபாதையை ஒட்டி வந்தே ஆகவேண்டும், அதிகபட்சம் 10 அடிதான் உள்ளே போகலாம் என்பது போன்ற விதி. முன்னால் கார் நிறுத்த இடம் விட்டுப் பின்னால் கடை வைப்பதைத் தடுக்கத்தான் இது. இதற்குச் ‘சுவர்முகக் கோடு’ என்று பெயர் வைக்கலாம். ஜார்ஜ் டவுன் போன்ற பகுதிகளைச் சென்னைப் பெருநகர விதிகள் ‘தொடர் கட்டடப் பகுதி’ என்கின்றன. சுவரோடு சுவர் சேர்ந்த அந்த அமைப்பைப் பார்த்தவருக்கு இந்த விதி கேட்கும் தெரு எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடி அளவு விதியை ஒரு கடையில் பொருத்திப் பார்ப்போம். தரைத்தள முகப்பில் நடைபாதையிலிருந்து 2 அடிக்கும் 8 அடிக்கும் இடைப்பட்ட பட்டையில் 60 சதவீதம் உள்ளே தெரியும் கண்ணாடியாக இருக்கவேண்டும் என்று விதி சொல்வதாகக் கொள்வோம். கடை அகலம் 40 அடி. பட்டையின் பரப்பு 40 பெருக்கல் 6, ஆக 240 சதுர அடி. அதில் 60 சதவீதம் 144 சதுர அடி. 12 அடி அகலத்தில் இரண்டு கண்ணாடிகள் பட்டையின் முழு உயரத்துக்கும் வைத்தால் கணக்கு நேராகும். பிறகு கடைக்காரர் கண்ணாடியின் பாதியில் விளம்பரத் தாள் ஒட்டுகிறார், அல்லது உள்ளே அலமாரியின் முதுகைக் கண்ணாடியோடு சேர்த்து நிறுத்துகிறார். வரைபடத்தில் இருந்த 144 தெருவில் 72 ஆகிவிடும். ஆகவே ‘கண்ணாடி’ என்று எழுதினால் போதாது. ‘உள்ளே இத்தனை அடி ஆழத்துக்குப் பார்வை தடைபடாத கண்ணாடி’ என்று எழுதவேண்டும்.

எண் இல்லாமல் ‘இணக்கமான’, ‘சுவையான’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் இஸ்ஸக்வா நகர வழக்கு சாட்சி. கில்மன் புலிவார்டு என்ற சாலையில் வெளிர்வெள்ளைப் பூச்சும் நீல உலோகக் கூரையுமாக ஒரு கடைக் கட்டடம் கட்ட விண்ணப்பித்தார் ஒருவர். வடிவக் குழு நிறம் சரியில்லை என்றது, முகப்பு சரியில்லை என்றது. அந்தச் சாலையில் மேலும் கீழும் காரில் போய் நல்லதையும் கெட்டதையும் பார்த்துவிட்டு வரும்படியும் ஒரு யோசனை வந்தது. 1993இல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய சொற்களை வைத்து எந்தக் கட்டடக்காரரும் என்ன வரையவேண்டும் என்று தெரிந்துகொள்ள முடியாது என்று சொல்லி விதியைத் தள்ளியது. நகரம் அழகாக இருப்பதும் பொதுநலத்தில் சேரும் என்று 1954இலேயே உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அழகைக் கேட்பது தவறில்லை, அளவு சொல்லாமல் கேட்பதுதான் தவறு.

இனி விரிவாக்கம். தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு வேலையை மறைக்கும். எல்லைக் கோட்டை நகர்த்துவது ஒன்று. அதை ‘எல்லை விரிவு’ எனலாம். கோடு அப்படியே இருக்க விதியில் புதிதாகச் சேர்ப்பது மற்றொன்று. அது ‘விதி விரிவு’. எல்லை விரிவில் முதல் வேலை மனை மனையாகக் கணக்கெடுப்பது: கட்டிய ஆண்டு, மாடி எண்ணிக்கை, நடைபாதைக்கும் சுவருக்கும் இடைவெளி, தரைத்தளத்தில் என்ன நடக்கிறது, கண்ணாடி எவ்வளவு. பிறகு புது விதியை அந்தப் பட்டியலின்மேல் வைத்து எத்தனை கட்டடம் தேறாது என்று எண்ணவேண்டும். பாதிக்குமேல் தேறாவிட்டால் கட்டடங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய மையத்துக்கு வெட்டிய சட்டையைப் புறத்தெருவுக்கு மாட்டுகிறார்கள் என்று பொருள். பெட்ரோல் நிலையமும் காரிலிருந்தே உணவு வாங்கும் கடையும் வரிசையாக நிற்கும் சாலைக்கு உட்பிரிவு ஒன்று வகுத்துத் தனி அளவு தரவேண்டும்.

எல்லைக் கோட்டை ஒரு தெருவின் நடுவில் போடுவது எளிது, வரைபடத்திலும் அழகாக இருக்கும். ஆனால் எதிரெதிர்ச் சாரிகள் வேறு வேறு விதியில் வளரும்: ஒரு பக்கம் சுவர் நடைபாதையோடு, மறுபக்கம் கார் நிறுத்தத்துக்குப் பின்னால். தெருவின் இரு முகமும் ஒரே வலயத்தில் வர வேண்டுமானால் கோடு மனைகளின் பின் எல்லையில் ஓடவேண்டும். ஒரே மனையைக் கோடு வெட்டினால் எந்த விதி என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஒருவர் மனைக்காக மட்டும் கோடு மூக்கு நீட்டினால் அது ‘ஸ்பாட் ஜோனிங்’, தமிழில் ‘ஒற்றைமனை வலயம்’. நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

பிறகு நடைமுறை. முன்சொன்ன மாதிரிச் சட்டத்தின்படி, அதைத் தழுவியே பல மாநிலச் சட்டங்கள் எழுந்தன, பொதுக் கேட்பு நடத்த வேண்டும். நாளும் இடமும் குறைந்தது 15 நாளுக்கு முன் இதழில் அறிவிக்கப்பட வேண்டும். மாற்றத்துக்குள் வரும் மனைப் பரப்பில் 20 சதவீதமோ மேலோ உடையவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டால், நகர்மன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் முக்கால் பங்கு ஆதரவு இல்லாமல் மாற்றம் செல்லாது. கணக்கு பரப்பில்; தலைக்கணக்கு இல்லை. பெரிய கார் நிறுத்துமிடம் வைத்திருக்கும் ஒருவரே 20ஐத் தாண்டிவிடலாம். அறிவிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் பழைய விதியில் அனுமதி வாங்கிவிட விண்ணப்பங்கள் குவியும் என்பதால் சில நகரங்கள் அந்தக் காலத்துக்கு அனுமதிகளை நிறுத்தி வைக்கின்றன.

விதி வருவதற்கு முன்பே நின்ற கட்டடத்தை இடிக்கச் சொல்லமாட்டார்கள். அதை ஆங்கிலத்தில் ‘கிராண்ட்ஃபாதர்’ ஆனது என்பார்கள். ‘தாத்தா உரிமை’ என்று விளையாட்டாக மொழிபெயர்க்கத் தோன்றும், செய்யாதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்கைத் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்தபோது, தாத்தா வாக்களித்திருந்தால் தேர்வு வேண்டாம் என்று வெள்ளையருக்கு விலக்குத் தந்ததிலிருந்து பிறந்த தொடர் அது. 1915இல் உச்சநீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது, சொல் மட்டும் கட்டட விதியில் தங்கிவிட்டது. தமிழில் ‘முன்னிருப்பு உரிமை’ என்றால் பொருளும் வரும், கறையும் ஒட்டாது. அந்த உரிமை நிரந்தரமும் இல்லை. கடை குறிப்பிட்ட காலம், பல நகரங்களில் 6 அல்லது 12 மாதம், மூடிக்கிடந்தால் போய்விடும். தீயிலோ புயலிலோ கட்டடத்தின் மதிப்பில் பாதிக்குமேல் சேதமானாலும் திரும்பக் கட்டும்போது புது விதிதான் என்று எழுதும் நகரங்கள் உண்டு. எல்லை விரிவுக்குள் வரும் மனைக்காரர் அறிவிப்பில் முதலில் தேடிப் படிக்கவேண்டிய பத்தி அதுதான்.