உடைந்தாலும் மறுபடி கூடும் துகள்: கதிர்வீச்சைத் தாங்கும் எஃகு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்பாக்கம் வேக ஈனுலையில் எரிபொருளைச் சில ஆண்டுகளிலேயே வெளியே எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள் என்று படித்தேன். அதற்குள் எரிபொருள் தீர்ந்துவிடுமா?"

தீராது. வெளியே எடுக்கும்போதும் பிளவுபடக்கூடிய புளுட்டோனியம் அதில் நிறையவே மிச்சம் இருக்கும். முதலில் ஆயுள் முடிவது எரிபொருளை அடைத்து வைத்திருக்கும் எஃகுக்குத்தான்.

கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலை, வேகம் குறைக்கப்படாத நியூட்ரான்களால் இயங்கும் அணு உலை. அதன் எரிபொருள் ஊசி என்பது 6.6 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய். சுவரின் தடிமன் 0.45 மி.மீ. இப்படி 217 ஊசிகளை, ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒவ்வொன்றிலும் கம்பி சுற்றி, ஓர் அறுகோண எஃகுப் பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். பெட்டியின் அகலம் 131.3 மி.மீ. ஒரு பெட்டியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 135 மி.மீ. ஆக, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே 4 மி.மீ. சந்துகூட இல்லை. எஃகின் கனஅளவு 10 சதவீதம் கூடினால் அகலம் ஏறத்தாழ 3.2 சதவீதம் கூடும். 131.3-க்கு அது 4.2 மி.மீ. சந்து அடைபட்டுவிடும். அதற்கு முன்பே வேறு தொல்லை தொடங்கும். உலையின் மையத்தைப் பார்த்த பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வீங்குவதால் பெட்டி வில்லாக வளையும், மேலே தூக்கி எடுக்கத் தேவைப்படும் விசை ஏறும். உள்ளே ஊசிகள் பருத்தால் அவற்றுக்கிடையே ஓடும் திரவ சோடியத்துக்கு வழி குறையும், அந்த இடம் சூடேறும்.

எஃகு கதிர்வீச்சில் வீங்கும் என்பது உலகுக்குத் தெரிய வந்தது 1967-இல். ஸ்காட்லாந்தின் டௌன்ரே வேக உலையிலிருந்து எடுத்த துருப்பிடிக்காத எஃகை காதார்ன், ஃபுல்டன் என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உலோகத்துக்குள் நானோமீட்டர் அளவில் ஏராளமான பொந்துகள் இருந்தன. அதுவரை யாரும் அவ்வளவாக எதிர்பார்த்திராத ஒன்று இது. அதன் பிறகு வேக உலைகளுக்கான எஃகு ஆராய்ச்சியின் திசையே மாறியது.

பொந்து எப்படி உண்டாகிறது? 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள ஒரு நியூட்ரான் இரும்பு அணு ஒன்றில் மோதினால், அதிகபட்சம் 7 சதவீதத்தைக் கொடுக்கும். சராசரியாக 35,000 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இரும்பு அணுவை அதன் இடத்திலிருந்து பெயர்க்க 40 எலக்ட்ரான் வோல்ட் போதும். அடிபட்ட முதல் அணு அடுத்ததை இடிக்கும், அது அடுத்ததை. ஒரு பிகோ நொடிக்குள், அதாவது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்குள், சில நானோமீட்டர் அகலமுள்ள ஒரு பகுதி முழுக்கக் கலைந்துவிடும். வழக்கமான சூத்திரத்தில் போட்டால் சுமார் 250 அணுக்கள் பெயர்ந்திருக்கும். அடுத்த பத்து பிகோ நொடிகளில் பெரும்பாலானவை பக்கத்துக் காலியிடங்களில் விழுந்து படிகம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சேதமாக நிற்கும்.

அந்த மிச்சத்தில் இரண்டு வகை. அணு இருந்து இல்லாமற்போன காலியிடம் ஒன்று. வரிசைக்கு நடுவே இடமில்லாமல் திணிக்கப்பட்டு நிற்கும் செருகல் அணு மற்றொன்று. இரண்டும் எப்போதும் சம எண்ணிக்கையில்தான் பிறக்கின்றன. பிறகு ஏன் வீக்கம்? எஃகின் படிக அடுக்குகளில் டிஸ்லொகேஷன் எனப்படும் கோட்டு வடிவக் குறைகள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள அழுத்தப் புலம் செருகல் அணுக்களைச் சற்றே அதிகமாக ஈர்க்கிறது. வேறுபாடு மிகச் சிறியது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் செருகல் அணுக்கள் கொஞ்சம் கூடுதலாகக் கரைந்துகொண்டே போக, அதே அளவு காலியிடங்கள் துணையின்றித் தேங்குகின்றன. தேங்கியவை ஒன்றுகூடினால் பொந்து. நிக்கல் நியூட்ரானை விழுங்கி ஆல்ஃபா துகளை, அதாவது ஹீலியத்தை, வெளியிடுவதும் இதற்கு உரமாகிறது. ஹீலியம் இரும்பில் கரையாது. காலியிடம் கிடைத்தால் புகுந்துகொண்டு, பொந்து மூடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும்.

சேதத்தை அளக்கும் அலகு டி.பி.ஏ.: ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது என்ற எண்ணிக்கை. 100 டி.பி.ஏ. என்றால் குழாயின் ஒவ்வோர் அணுவும் சராசரியாக நூறு முறை தூக்கி எறியப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகும் அது குழாயாகவே நிற்கவேண்டும். நிக்கல் கலந்த துருப்பிடிக்காத எஃகான சாதாரண ஆஸ்டெனிடிக் எஃகு கொஞ்ச காலம் பொறுத்திருந்து, பிறகு ஒரு டி.பி.ஏ.வுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற வேகத்தில் வீங்கத் தொடங்கும். அந்தப் பொறுமைக் காலத்தை நீட்டத்தான் முன்மாதிரி ஈனுலைக்கு டி9 என்ற எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள்: 15 சதவீதம் குரோமியம், 15 சதவீதம் நிக்கல், கொஞ்சம் டைட்டானியம். குழாயைக் குளிர்நிலையில் 20 சதவீதம் இழுத்து முன்கூட்டியே டிஸ்லொகேஷன்களால் நிரப்பிவிடுவார்கள். அவை மிக நெருக்கமாக இருந்தால் காலியிடங்களும் அவற்றிலேயே கரைந்து, பொந்து பிறப்பது தள்ளிப்போகும். நல்ல தீர்வுதான், ஆனால் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தாண்ட ஃபெரிடிக் வகை எஃகுக்குப் போகலாம். அதன் படிக அமைப்பே வீக்கத்தை நன்றாகத் தாங்கும். சிக்கல் என்னவென்றால், 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது தளர்ந்து, அழுத்தத்தில் மெல்ல நீளத் தொடங்கிவிடும். இங்கேதான் யிட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு வருகிறது. இந்த வகைக்கு, நுண்ணிய ஆக்சைடுத் துகள்கள் உள்ளே சிதறிய எஃகு என்ற பொருளில், ஓ.டி.எஸ். எஃகு என்று பெயர். இரும்பில் 9 சதவீதம் குரோமியம், 2 சதவீதம் டங்ஸ்டன், 0.2 சதவீதம் டைட்டானியம், 0.12 சதவீதம் கார்பன். இவற்றோடு வெறும் 0.35 சதவீதம் யிட்ரியம் ஆக்சைடு.

உருக்கிக் கலக்க முடியாது. ஆக்சைடு எஃகைவிட எடை குறைந்தது, உருகிய எஃகு அதன்மேல் ஒட்டாது, மேலே மிதந்து கட்டியாகிவிடும். ஆகவே உலோகத் தூளையும் ஆக்சைடுத் தூளையும் ஆர்கான் வாயுவில், எஃகுப் பந்துகளோடு ஆலையில் போட்டு மணிக்கணக்கில் இடிக்கிறார்கள். பந்துக்கும் தூளுக்கும் எடை விகிதம் வழக்கமாக 10-க்கு 1. தூள் நசுங்கி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டி, கடைசியில் இயற்கையாகக் கரையவே கரையாத யிட்ரியமும் ஆக்சிஜனும் இரும்புக்குள் அணு அணுவாகத் திணிக்கப்பட்டுவிடும். அப்புறம் தூளைக் கலனில் அடைத்து, காற்றை உறிஞ்சி, மூடி, 1,150 டிகிரி வாக்கில் சூடாக்கி அழுத்திப் பிதுக்குவார்கள். அந்தச் சூட்டில் யிட்ரியமும் ஆக்சிஜனும் இரும்பைவிட்டு விலகி, டைட்டானியத்தையும் சேர்த்துக்கொண்டு, 2 முதல் 5 நானோமீட்டர் துகள்களாகத் திரளும். டைட்டானியம் இல்லாவிட்டால் துகள்கள் பருத்துப்போகும். ஆர்கானில் கசிவு இருந்து ஆக்சிஜன் கூடினாலும் அதே கதிதான். பிதுக்கியபின் படிகமணிகள், அதாவது எஃகு ஆகியிருக்கும் நுண்ணிய படிகத் துண்டுகள், நீளவாக்கில் மூங்கில்போல் நீண்டு நிற்பதால் குழாய் குறுக்குவாட்டில் பலவீனமாக இருக்கும். உள்ளிருக்கும் வாயு அழுத்துவதோ அந்தக் குறுக்குவாட்டில்தான். 9 சதவீதக் குரோமிய வகையை 1,050 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிரவிட்டால் படிக அமைப்பு மாறித் திரும்பும்போது மணிகள் சமவடிவம் பெறும். 14 சதவீத வகையில் இந்த வசதி கிடையாது. இந்தியாவில் இந்தக் குழாய்களை கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஹைதராபாத்தின் தூள் உலோகவியல் ஆய்வு மையம், அணு எரிபொருள் வளாகம் மூன்றும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன.

நன்றாகச் செய்த எஃகில் ஒரு கன மீட்டரில் 5×10²³ துகள்கள் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 நானோமீட்டர் விட்டம் என்றால் ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் இடையே 13 நானோமீட்டர்தான். துகள்களின் மொத்தக் கனஅளவு 0.7 சதவீதம். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் எஃகுக்குள் துகளும் இரும்பும் சந்திக்கும் பரப்பு 14 சதுர மீட்டர், பத்துக்குப் பதினைந்தடி அறையின் தரை அளவு. ஒரு காலியிடமோ செருகல் அணுவோ எந்தத் திசையில் அலைந்தாலும் சில நானோமீட்டருக்குள் இந்தப் பரப்பில் ஏதாவதொன்றில் முட்டியாக வேண்டும். முட்டியது அங்கே தங்கும். எதிர்வகை வரும், இரண்டும் இணைந்து அழியும். ஹீலியமும் இந்தப் பரப்புகளில் ஒண்டிக்கொண்டு, ஒன்றிரண்டு நானோமீட்டர் குமிழிகளாகச் சிதறி நிற்கும். இல்லையென்றால் அது படிகமணிகளின் எல்லையில் திரண்டு எஃகை நொறுங்கவைக்கும். டிஸ்லொகேஷன்கள் நகரும்போது துகள்களில் சிக்கிக்கொள்வதால் 650 டிகிரியிலும் வலு நிற்கிறது.

சரி, அணுவுக்கு நூறு முறை அடிவிழும் இடத்தில் அந்தத் துகள் மட்டும் எப்படித் தப்பும்? தப்புவதில்லை. இதுதான் இந்த எஃகின் ஆகச்சிறந்த அழகு.

மோதல் தொடர் ஒன்றின் அகலம் 5 முதல் 10 நானோமீட்டர். துகள் 3 நானோமீட்டர். துகள்மேல் நேராக விழும் ஒரே மோதலில் அது மொத்தமாகக் குலையும். யிட்ரியமும் ஆக்சிஜனும் சுற்றியுள்ள இரும்புக்குள் சிதறும். அடி தொடரத் தொடர எல்லாத் துகள்களும் கரைந்து மறைந்துவிட வேண்டும். உலைச் சூட்டில் அப்படி நடப்பதில்லை. சிதறிய யிட்ரியம் அணு இரும்பைவிட 40 சதவீதம் பெரியது. இரும்பின் அடுக்குக்குள் அதற்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் ஒரு காலியிடம் இருந்தால்தான் நெருக்கம் தளரும். ஆக்சிஜனும் காலியிடத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். காலியிடங்களையோ கதிர்வீச்சே கொட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது! அவற்றைப் பற்றிக்கொண்டு யிட்ரியம் நகர்கிறது, ஆக்சிஜனைச் சந்திக்கிறது, டைட்டானியத்தோடு சேர்ந்து மறுபடி துகளாகிறது. துகளை உடைக்கிற அதே கதிர்வீச்சு அது மீண்டும் கூடுவதற்கான வாகனத்தையும் தருகிறது.

கரைதலும் கூடுதலும் போட்டிபோடும் இந்தக் கணக்கை நெல்சன், ஹட்சன், மேஸி மூவரும் 1972-லேயே எழுதிவைத்தார்கள். கரையும் வேகம் வெப்பநிலையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல, அது மோதலின் வேலை. கூடும் வேகம் அணுக்களின் நகர்வைப் பொறுத்தது, அதற்குச் சூடு வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே குளிரவைத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் துகள்கள் கரைந்துபோகின்றன. 600 டிகிரியில் அதே அடியைக் கொடுத்தால் நிற்கின்றன. கரைந்துபோன மாதிரியை வெளியே எடுத்து மறுபடி சூடாக்கினால் துகள்கள் திரும்ப முளைக்கின்றன.

சோதிப்பதுதான் கடினம். உலைக்குள் 100 டி.பி.ஏ. சேர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும், மாதிரியும் கதிரியக்கமாகிவிடும். (கதிர் பட்ட பொருளெல்லாம் கதிர் வீசும் என்ற அச்சம் நம்மிடையே பலமாக உண்டு. கோபால்ட்-60 காமா கதிர் காட்டிய வெங்காயமும் மசாலாவும் கதிரியக்கம் பெறுவதில்லை. அணுக்கருவுக்குள் புகும் நியூட்ரான்தான் அந்த மாற்றத்தைச் செய்கிறது. இந்த வேறுபாடு பள்ளிப் பாடத்தில் அழுத்தமாக வரவேண்டும்.) ஆகவே முடுக்கியில் இரும்பு அயனிகளை 50 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு விரட்டி எஃகின்மேல் விடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் 100 டி.பி.ஏ. கிடைத்துவிடும். ஆனால் அவசரத்துக்கு விலை உண்டு. ஆயிரம் மடங்கு வேகமாக அடிக்கும்போது அணுக்களுக்கு நகர நேரம் போதாது, ஈடுகட்ட வெப்பநிலையைப் பல டிகிரி உயர்த்தவேண்டும். சேதம் மேற்பரப்பிலிருந்து இரண்டு மைக்ரோமீட்டருக்குள் முடிந்துவிடும். அதிலும் கடைசிப் பகுதியில் பாய்ந்த அயனிகளே செருகல் அணுக்களாகத் தங்கிப் பொந்துகளை அடைத்துவிடும். மேற்பரப்பை ஒட்டிய பகுதியில் குறைகள் வெளியேறித் தப்பிவிடும். நடுவில் உள்ள சில நூறு நானோமீட்டரை மட்டுமே நம்பலாம். வெற்றிட அறையில் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் கார்பன் எஃகுக்குள் ஏறி வீக்க அளவையே மாற்றிவிடும். நுண்ணோக்கிக்காகக் காலியம் என்ற உலோகத்தின் அயனிகளால் துண்டு அறுக்கும்போது அந்த அயனிகளும் கரும்புள்ளிகளாகச் சேதம் விடும். கடைசிச் சீவலைக் குறைந்த வோல்ட்டில் செய்யாவிட்டால், கருவி செய்த காயத்தை உலை செய்ததாக எண்ணிவிட நேரும்.

இப்படி ஒரு கேள்விக்குப் பத்தாண்டு உழைக்கவேண்டிய துறைக்கு மூன்றாண்டு நிதி என்ற அளவுகோல் பொருந்தவே பொருந்தாது. மாணவர் கருவியைப் பழகி முடிக்கும்போது திட்டம் முடிந்துவிடுகிறது. அயனி முடுக்கிகளின் நேரத்தைப் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடுவதும், உலையில் இருந்து வந்த மாதிரிகளைப் பத்திரப்படுத்தி அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குக் கொடுப்பதும் புதுக் கட்டடம் கட்டுவதைவிட மலிவு, பலனும் அதிகம்.

தீராத சிக்கல் ஒன்று குழாயின் முனையில் இருக்கிறது. எரிபொருளை நிரப்பி இரு பக்கமும் மூடி வைத்துப் பற்றவைக்கவேண்டும். வழக்கமான பற்றவைப்பில் எஃகு உருகும். உருகினால் துகள்கள் மிதந்து கட்டியாகும். பாடுபட்டு இடித்துச் சேர்த்ததெல்லாம் அந்த வளையத்தில் இல்லாமற்போகும். அதனால் மூடியைக் குழாயோடு பலமாக அழுத்திப் பிடித்து, மிகப்பெரிய மின்னோட்டத்தை நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் செலுத்தி, உருகவிடாமலே ஒட்டவைக்கும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் ஒட்டு முழுமையாகாது. மின்னோட்டம் கொஞ்சம் கூடினால் உலோகம் உருகித் தெறிக்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள இடம் குறுகலானது. ஒவ்வொரு புதுக் குழாய் வகைக்கும் அதைத் தனியாகக் கண்டுபிடித்தாக வேண்டும்.