பின்யின் வகுப்பில் படத்தை மூடிப் பாருங்கள்

சீனாவில் ஒன்றாம் வகுப்பு செப்டம்பரில் தொடங்கும். ஓரிரு மாதத்திலேயே பெற்றோர் என்னிடம் கூட்டிவரும் பிள்ளைகளில் பலருக்கு ஒரே குறைதான்: எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க வரவில்லை.

படிப்பது பின்யின். சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் இந்த முறை 1958-இல் ஏற்கப்பட்டது. பாடநூலில் 23 முன்னொலிகள் (அசையின் தொடக்கத்தில் வரும் மெய்), 24 பின்னொலிகள் (அதற்குப் பின் வரும் உயிர்ப் பகுதி), பிரிக்காமல் அப்படியே சொல்லவேண்டிய 16 அசைகள்.

முன்னொலியைத் தனியாகச் சொன்னால் காதில் விழாது. அதனால் ஆசிரியர் ஓர் உயிரைச் சேர்த்து ‘மோ’ என்கிறார். பிள்ளையும் ‘மோ’, ‘ஆ’ என்று சொல்லி, ‘மோவா’ என்று முடிக்கிறது. அதன் மேல் தப்பே இல்லை, சொன்னதைத்தான் கூட்டியிருக்கிறது. கூட்டும்போது முன்னொலியை லேசாக, குறுக்கி, பின்னொலியை அழுத்தி, இடையில் மூச்சை விடாமல் சொல்லவேண்டும். வகுப்பில் இதைப் பாட்டாகவே சொல்லித் தருவார்கள். நான் உதட்டை மூடி ‘ம்’ என்று இழுக்கச் சொல்லி, அப்படியே வாயைத் திறக்கச் சொல்வேன். ‘மா’ தானாக வரும்.

அப்புறம் தொனி, அதாவது அசையின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். மூன்றாம் தொனியைச் சொல்ல முதல் தொனியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி வரும் பிள்ளைகள் உண்டு. தொடக்கத்தில் பரவாயில்லை, அதுவே பழகிவிட்டால் ஒரு வரி படிக்கவே நேரமாகும். பின்னொலியைத் தொனியோடு முதலில் சொல்லவைத்து, பிறகு முன்னொலியைச் சேர்ப்பது நல்லது.

வீட்டில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. குதிரைக்குச் சீனத்தில் ‘மா’; பாடநூலில் அந்த அசைக்குப் பக்கத்தில் குதிரைப் படம் இருக்கும். பிள்ளை படத்தைப் பார்த்து ‘மா’ என்று சரியாகச் சொல்லிவிடும், நாமும் படித்துவிட்டது என்று நம்பிவிடுவோம். படத்தைக் கையால் மூடுங்கள். முன்னொலியை மட்டும் மாற்றி ‘லா’ எழுதிக் காட்டுங்கள். அப்போது தெரியும்.

தெற்கில் பல ஊர்களில் ‘ந’வும் ‘ல’வும் பேச்சில் கலந்தே வரும். அந்த வீட்டுப் பிள்ளை இரண்டையும் குழப்பினால் அது ஊர்ப் பேச்சு, வாசிப்புக் கோளாறு அல்ல.

மழலையர் பள்ளியில் பின்யின் நடத்தக் கூடாது என்று கல்வி அமைச்சகம் 2018-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கோடையில் தனி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வயதுக்குக் காதுதான் முக்கியம்: அசைக்கு ஒரு கைதட்டல், எதுகைப் பாட்டு, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடும் விளையாட்டு.

முதல் பருவம் முடிந்தும், படத்தை மூடினால் இரண்டு ஒலியைக் கூட்ட வரவில்லை, எதுகையும் பிடிபடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறன் பரிசோதனை, பிறகு வாசிப்பு மதிப்பீடு.