குதிப்பவர்களை ஏற்றிச் செல்லும் விமானமும் பிற்பகல் மேகங்களும்

மத்திய ஃபுளோரிடாவில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஒரு சிறிய விமான நிலையத்திலிருந்து, பாராசூட்டுடன் வானிலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங் செய்பவர்களைச் செஸ்னா 182 என்ற சிறு விமானத்தில் ஏற்றிச் செல்வது என் பணி. நால்வருடன் 10,000 அடி உயரத்தை எட்ட 20 நிமிடங்களுக்கு மேல் ஆகும். கதவை மூடியபோது கண்ட வானம் அதைத் திறக்கும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுவதையே நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கோடையில் இருபுறக் கடற்காற்றுகளும் தீபகற்பத்தின் நடுவே மோதுவதால், காலையில் பஞ்சுப் பொதிகளாகத் தெரியும் மேகங்கள் பிற்பகலில் இடிமேகங்களாக வளர்ந்துவிடுகின்றன. அங்கே பெய்யும் மழையால் குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. பல கிலோமீட்டர் தள்ளி, நல்ல வெயில் அடிக்கும் இடத்திலும் அது திடீரென வந்து அறையும். அமைதியான காற்றில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறும் பாராசூட், 50 கிலோமீட்டர் எதிர்காற்றில் பின்னோக்கித் தள்ளப்படும். விமானத்தை நான் வேறு நிலையத்துக்குத் திருப்ப முடியும். விரிந்த பாராசூட்டில் தொங்குபவரோ அடுத்த சில நிமிடங்களில் மரத்திலோ மின்கம்பியிலோ ஏரியிலோ எங்கேனும் இறங்கியே ஆக வேண்டும்.

ஒரு ஜூலைப் பிற்பகலில், 7,000 அடியில் இருந்தபோது, காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் ஒரே நிமிடத்தில் தென்கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி, பலத்த காற்றில் விறைத்து நிற்பதாகத் தரையிலிருந்த ஊழியர் வானொலியில் தெரிவித்தார். முதன்முறையாகக் குதிக்க வந்த இருவரையும் அவர்களுடைய பயிற்றுநர்களையும் குதிக்க விடாமல், கிழக்கே இருந்த வேறொரு நிலையத்தில் இறங்கிக் காத்திருந்தோம். அவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். இருந்தும் அதே முடிவையே மீண்டும் எடுப்பேன்.

மேகத்தின் ஊடே குதிக்க விடுவதை அமெரிக்க விதிகள் தடை செய்கின்றன. 10,000 அடிக்குக் கீழே, மேகத்துக்கு 500 அடி கீழோ, 1,000 அடி மேலோ, பக்கவாட்டில் 2,000 அடியோ விலகியிருக்க வேண்டும். 1967 ஆகஸ்ட் 27 அன்று, ஓஹியோவின் ஆர்ட்னர் விமானத்தளத்தின் மேல் இருப்பதாக எண்ணி, பி-25 விமானத்திலிருந்து 18 பேர் மேகத்தின் ஊடே குதித்தனர். ரேடாரில் வேறொரு விமானத்தை அந்த பி-25 எனத் தவறாகக் கருதிய கட்டுப்பாட்டாளர் தந்த இடவிவரத்தை நம்பியிருந்த அவர்கள், ஈரி ஏரியில் விழுந்தனர். 16 பேர் மூழ்கி இறந்தனர். இன்று ஜி.பி.எஸ். நம் இடத்தைச் சரியாகக் காட்டும். மேகத்துக்கு அடியில் கடந்து செல்லும் சிறு விமானத்தைக் காட்டாது.

குதித்தவர்கள் போன பிறகு விமானிக்கு இன்னோர் ஆபத்து உண்டு. ஈரப்பதம் மிகுந்த காற்றில் எஞ்சின் விசையைக் குறைத்து இறங்கும்போது, வெளியே 25 டிகிரி வெப்பம் இருந்தாலும் எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி படிந்து எஞ்சின் தடுமாறலாம். ஆகவே, விசையைக் குறைப்பதற்கு முன்பே கார்புரேட்டர் சூடேற்றியை இயக்கிவிடுகிறேன்.

அந்த ஜூலைக்குப் பிறகு, தரையில் ஒருவர் வானொலியுடன் துணிக்குழலையும் மழையைக் காட்டும் ரேடார் படத்தையும் கவனித்துக்கொண்டிருந்தால் மட்டுமே கிளம்புகிறேன். விமானத்திலேயே திரும்ப நேரலாம் என்பதையும் ஏறுவதற்கு முன்பே பயணிகளிடம் சொல்லிவிடுகிறேன்.