"நேற்றுத்தானே சேர்விஸ் பண்ணினனான்"

சேர்விஸ் செய்த கையோடு பழுதாகி இந்த மாதத்தில் என் கராஜுக்கு வந்த மூன்றாவது எஞ்சின் இது. வெள்ளவத்தையில் இருக்கிற ஓர் ஆசிரியை வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் வேகன் ஆர் காரை சேர்விஸுக்கு விட்டு எடுத்திருக்கிறார். சனிக்கிழமை விடிய அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மாத்தறைக்குப் புறப்பட்டார். கொட்டாவையில் தெற்கு ஹைவேயில் ஏறி, கெலனிகம தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மீற்றரில் சிவப்பு லைட் எரிந்தது. தொடங்கொடவில் இறங்கிப் பார்ப்போம் என்று ஓட்டியிருக்கிறார். தொடங்கொட வருவதற்கு முன்பே சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் எஞ்சின் ஒரேயடியாக இறுகி நின்றுவிட்டது.

கொட்டாஞ்சேனையில் உள்ள என் கராஜுக்குக் காரை ஏற்றி வந்தபோது அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நேற்றுத்தானே சேர்விஸ் பண்ணினனான், ஒயில் எப்படி இல்லாமல் போகும்?"

நேற்று சேர்விஸ் செய்ததால்தான் போனது. சும்மா ஓடிக்கொண்டிருக்கிற காரில் ஒயில் ஒரே நாளில் காணாமல் போவது அரிது. கழற்றிப் பூட்டிய இடத்தில்தான் ஒழுகும்.

ஒயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது டிப் ஸ்டிக்கை இழுத்தேன். நுனி காய்ந்திருந்தது. அடித்தட்டு முழுக்க ஒயில். ஒயிலை வடிகட்டுகிற ஃபில்டரைக் கழற்றினேன், இரண்டு ரப்பர் வளையங்கள் வந்தன. ஒன்று புதியது, மெத்தென்று பளபளத்தது. மற்றது கறுத்து, தட்டையாகி, பிளாஸ்டிக் போல இறுகிப்போயிருந்தது. பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நின்றிருக்கிறது, அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறார்கள். விரலால் ஒரு சுற்றுத் தடவினால் தெரிந்திருக்கும், ஐந்து விநாடி வேலை. இப்படிப் பூட்டினால் கராஜுக்குள் ஸ்டார்ட் செய்யும்போது பெரும்பாலும் ஒழுகாது. ஹைவேயில் ஒயில் அமுக்கம் ஏறும்போது வளையம் பிதுங்கும். அந்தச் சின்ன எஞ்சினில் இருப்பதே ஏறத்தாழ 3 லீற்றர். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சரி, அந்தச் சிவப்பு லைட்டுக்கு வருகிறேன். தயவுசெய்து இதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். பழைய காலத்து எண்ணெய்க் குப்பியும் நுனியில் ஒரு சொட்டுமாக இருக்கிற படம் ஒயில் குறைகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் லைட் இல்லை. சேர்விஸ் நாள் வந்துவிட்டது என்று சொல்லும் லைட்டும் இல்லை. பெற்றோல் லைட் எரிந்தால் அடுத்த ஷெட் வரை போகலாம், அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். அது ஒயில் அமுக்கம் இல்லை என்று சொல்லும் லைட். ஓடும் எஞ்சினில் சுழலும் தண்டான கிராங்கும் அதைத் தாங்கும் பெயாரிங்கும் நேரடியாக உரசுவதில்லை, நடுவே தலைமுடியை விட மெல்லிய ஒயில் படலம் இருக்கிறது. லைட் எரியும்போது அந்தப் படலம் போய்விட்டது. "மெதுவாக ஓட்டினேன்" என்கிறார்கள், "ஏசியை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டினேன்" என்கிறார்கள். மெதுவாக ஓட்டினாலும் இரும்போடு இரும்புதான். ஓரத்தில் ஒதுக்குங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஹைவே என்றால் 1969க்கு அழையுங்கள். கார் ஏற்றிச் செல்லும் கூலி, பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஓர் எஞ்சினுக்குக் கேட்கிற விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

தொழில் செய்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. ஃபில்டர் ரப்பரில் கொஞ்சம் புது ஒயில் தடவி, எஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தட்டுத்தான் சம்ப், ஒயிலை வடிக்கக் கழற்றுகிற அதன் பிளக்குக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். இன்றைய கார்களில் பலவற்றின் சம்ப் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வீல் நட்டை ஏர் கன்னால் கடைசி வரை இறுக்காதீர்கள். சனிக்கிழமை வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியும், நானும் அந்தக் குழிக்குள் நின்றுதான் வேலை பழகினேன்.

கியர் ஒயிலும் அப்படித்தான். சிவிடி என்கிற ஓட்டோ கியர்பொக்ஸுக்கு அதற்கென்றே உள்ள ஒயில்தான் போக வேண்டும். "ஓட்டோ கியர் ஒயில் எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எஞ்சினை அமுக்கத் தண்ணீரால் கழுவவும் விடாதீர்கள், வயர்ப் பிளக்குகளுக்குள் தண்ணீர் போனால் கோளாறு ஒரு கிழமை கழித்துக்கூட வரும்.

காசு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எஞ்சின் இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும், நீங்களே குனிந்து அடியில் பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கார் உங்களுடையது. பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் திகதி, கிலோமீற்றர், ஒயிலின் பெயர், தரம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இரவில் காருக்கு அடியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையைப் போட்டு, காலையில் அதில் ஒயில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்விஸ் செய்த மறுநாளே தூரப் பயணம் வைக்காதீர்கள். முதலில் ஊருக்குள் 50 கிலோமீற்றர் ஓடி, டிப் ஸ்டிக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

சேதம் நடந்துவிட்டால், "கொண்டு வாருங்கள், நாங்களே பார்த்துத் தருகிறோம்" என்று சேர்விஸ் செய்தவர்கள் சொல்வார்கள். நல்ல மனதோடு சொன்னாலும் முதலில் அவர்கள் கழற்றக் கூடாது, துடைத்துவிட்டால் சாட்சி போய்விடும். டிப் ஸ்டிக், ஃபில்டர், ஒழுகிய இடம், மீற்றர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். வேறொருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். காப்புறுதியை நம்பியிருக்காதீர்கள், சாதாரண மோட்டார் காப்புறுதி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தருவதில்லை. பேசித் தீரவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று அவர்கள் இழுக்க விட்டு, நாள் கடந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியையின் ஃபில்டரையும் இரண்டு வளையங்களையும் பொலித்தீன் பையில் போட்டு, திகதியும் கார் இலக்கமும் எழுதி, அவருக்கு முன்னாலேயே ஒட்டிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர் கடிதம் கொடுக்கப் போகிறார்.