தேக்கு இலையில் எந்தப் புழு?

கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து, ஆனைமலை அடிவாரத் தோப்புகளிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரங்களிலும் தேக்கு கொழுந்து விட்டதும் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். தேக்கு இலையைத் தின்பதில் முக்கியமான புழுக்கள் இரண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் மருந்துக் காசு வீணாகிறது.

முதலாவது இலைதின்னிப் புழு, ஹைப்ளியா பியூரா. இதற்குக் கொழுந்திலைதான் வேண்டும். தாய் அந்துப்பூச்சி நரம்பை ஒட்டி ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரித்த புழு முதலில் இலைத்தோலைச் சுரண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் இலையின் ஓரத்தைக் கத்தரித்து, அந்தத் துண்டை மடித்து, நூலால் ஒட்டி, உள்ளே பதுங்கிக்கொள்ளும். நகம் அளவுக்கு அந்த மடிப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். புழு பெருகிவிட்டால் மரத்தடிச் சருகின் மேல் கறுப்பு எச்சம் மழைத் தூறல்போலச் சத்தத்தோடு விழும். வெயிலும் ஈரமும் ஒத்துவந்தால் 10, 12 நாளில் வளர்ந்து முடிந்து, நூல்விட்டு இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிவிடும். மரம் மொட்டையானது ரோட்டிலிருந்து தெரியும்போது மேலே புழுவே இருக்காது. அப்போது மருந்தடித்து என்ன பயன்?

இரண்டாவது சல்லடைப் புழு. இது பின்பருவத்தில், முற்றிய இலையில் வரும். நரம்புகளுக்கு நடுவே பச்சையை மட்டும் தின்று வலைபோல விட்டுவிடும். தோப்பே தீய்ந்ததுபோலத் தெரிந்தாலும், எப்படியும் உதிரப்போகிற இலைதான். இதற்கு மருந்து தேவையில்லை.

இலைதின்னியால் மரம் சாவதில்லை, மறுபடி துளிர்த்துவிடும். ஆனால் அடிமரம் பருக்க வேண்டிய சத்து அந்தத் துளிருக்கே போய்விடுகிறது. கேரளத்தின் நிலம்பூரில் இளந்தேக்கில் நடந்த ஆய்வில், வந்திருக்க வேண்டிய மர வளர்ச்சியில் 44 சதவீதம் இப்படி நின்றுபோனது. இளங்கன்றில் நுனி கருகினால் கவட்டை விடும். நேரான தடிக்குத்தானே விலை!

ஆகவே கொழுந்து விட்ட முதல் மூன்று வாரம், இரண்டு நாளைக்கு ஒருமுறை தாழ்ந்த கிளையை வளைத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மடிப்பு சிறிதாக இருக்கும்போதே பி.டி. பாக்டீரியா மருந்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவில், சாயங்காலம் இலையின் இருபுறமும் நனைய அடிக்க வேண்டும். புழு அதைத் தின்றால்தான் சாகும். பகல் வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும்.

இந்தப் புழுவுக்கென்றே என்.பி.வி. என்ற வைரஸ் நோயும் உண்டு. நோய் வந்த புழு கிளையில் தொங்கி, உடல் கூழாகிச் செத்துக் கிடக்கும். அதைத் தட்டிவிடாதீர்கள். மழை அந்தக் கூழைக் கீழ் இலைகளுக்கு வழித்துக்கொண்டு போகும், அங்கே தின்கிற புழுவுக்கும் நோய் தொற்றும்.