டிஸ்டோபியா: கேட்டுலகு

டிஸ்டோபியா என்றதும் இடிந்த நகரமும் புகைமண்டிய வானமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சினிமா போஸ்டர்கள் பழக்கிவிட்ட படம் அது. சொல்லின் பொருள் பேரழிவு அல்ல. சட்டம் போட்டு, ஒழுங்காக, பல நேரம் நல்லெண்ணத்தோடேயே நடத்தப்படும் கொடுமையான சமூகத்தைத்தான் அது குறிக்கிறது.

வேர் கிரேக்கம். ‘டிஸ்’ என்றால் கேடு, ‘டோபோஸ்’ என்றால் இடம். ஆங்கிலேய எழுத்தாளர் தாமஸ் மோர் 1516-ல் தன் கற்பனையான இலட்சியத் தீவுக்கு ‘உடோபியா’, அதாவது ‘இல்லாத இடம்’, என்று பெயர் வைத்தார். 1868-ல் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசின் அயர்லாந்துக் கொள்கையைச் சாடியபோது அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டு அரசினரை ‘டிஸ்டோபியர்கள்’ என்றார். நடைமுறைக்கு வராத அளவு நல்லது உடோபியா. இவர்கள் கேட்பதோ நடைமுறைக்கு வராத அளவு கெட்டது என்பது அவர் வாதம்.

டிஸ்டோபியாவுக்கு நான் காட்டும் உதாரணம் ஆங்கிலேய நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் 1882-ல் வெளியிட்ட ‘தி ஃபிக்ஸ்ட் பீரியட்’ என்ற அங்கத நாவல். கதை நடப்பது 1980-ல், நியூசிலாந்துப் பக்கம் பிரிட்டானுலா என்ற தீவில். ஜனாதிபதியின் பெயர் நெவர்பெண்ட், வளைந்துகொடுக்காதவர். முதுமையின் வேதனையும் செலவும் யாருக்கும் வேண்டாம் என்று ஒரு சட்டம் கொண்டுவருகிறார்: 67 வயதானவர்கள் ஒரு ‘கல்லூரி’யில் சேர வேண்டும், ஓராண்டுக்குள் சாக வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்கு அந்தத் தீவில் வைத்த பெயர் ‘டெபாசிட்’.

முதல் முறை வருவது அவருடைய நெருங்கிய நண்பர் கிராஸ்வெல்லருக்கு. சட்டத்தை ஆதரித்தவர், நல்ல திடகாத்திரமானவர். நாள் நெருங்கியதும் வயதில் ஒன்றைக் குறைத்துச் சொல்லிப் பார்க்கிறார்! கடைசியில் இருவரும் வண்டியில் கல்லூரிக்குக் கிளம்பும்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து தடுத்துவிடுகிறது. கைதியாக இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலும் நெவர்பெண்ட் தன் சட்டத்துக்காகவே வாதாடி எழுதிக்கொண்டிருக்கிறார். நாவலே அவர் எழுதியதாகத்தான் வருகிறது. கொடூரனாக இல்லாமல் அன்பான மனிதராக அவரைப் படைத்ததில்தான் ட்ரோலப்பின் பலம். நாவல் வெளியான அதே 1882 டிசம்பரில் ட்ரோலப் இறந்தார். வயது 67.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘நரகம்’ பொருந்தாது, அது செத்த பிறகு கிடைக்கும் தண்டனை. ‘துயருலகு’ படுகிறவர்களின் வலியைச் சொல்கிறது, செய்தவரைச் சொல்வதில்லை. கேடு யாரோ சூழ்வது, விளைவிப்பது. அதனால் ‘கேட்டுலகு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கேட்டுலக நாவல், கேட்டுலகச் சட்டம் என்று தயங்காமல் எழுதலாம்.