நோசிசெப்டார்: வலியேற்பியா, ஊறுணரியா?

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் யார்? இடித்ததும் சுரீரென்று ஒன்று, ஒரு நொடி பொறுத்து விண்விண்ணென்று இன்னொன்று. இந்த இரண்டையும் கிளப்பிவிடும் நரம்பு முனைகளுக்குத்தான் நோசிசெப்டார் என்று பெயர். தமிழில் இதை 'வலியேற்பி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நோசிசெப்டார் என்ற கருத்தை 1906-ல் வெளிவந்த தன் நூலில் முன்வைத்தவர் இங்கிலாந்தின் உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். சொல்லில் உள்ள 'நோசி' லத்தீன் 'நொகேரே'யிலிருந்து வந்தது; அதற்குக் கேடு செய்தல் என்று பொருள். ஆக, கேட்டை உணர்வது என்றுதான் பொருள். வலி என்பது சொல்லிலேயே இல்லை.

இல்லாததுதான் சரி. தோலில் சூடு ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த முனைகளில் மின்னேற்றமுள்ள துகள்களை உள்ளே விடும் அயனி வாயில்கள் திறந்து மின்துடிப்பு கிளம்புகிறது. மெல்லிய உறை போர்த்திய ஏ-டெல்டா என்னும் நரம்பிழையில் அது நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும், உறையே இல்லாத சி இழையில் 2 மீட்டரைத் தாண்டாது, அதனால்தான் அந்தச் சுரீர் முந்திக்கொள்கிறது, விண்விண் பிந்தி வருகிறது. இரண்டும் தண்டுவடத்தில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியைக் கைமாற்றிவிட்டு நின்றுவிடும். அங்கிருந்து மூளையின் நடுவிலுள்ள தலாமஸ், அப்புறம் மூளையின் மேலடுக்கான புறணி. வலி உருவாவது அங்கேதான். மயக்க மருந்தில் கிடப்பவரின் தோலைக் கீறும்போதும் இந்த முனைகள் துடிக்கும், ஆனால் அவருக்கு வலி இல்லை. காலை வெட்டி எடுத்தவருக்கோ பாதமே இல்லாமல் பாதம் வலிக்கும். அப்படியிருக்க, இதை வலியேற்பி என்பது எப்படிப் பொருந்தும்?

நம்மிடமே அருமையான சொல் ஒன்று இருக்கிறது: ஊறு. 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்னும்போது அது தொடுவுணர்வு. 'ஊறு விளைவித்தல்', 'இடையூறு' என்னும்போது கேடு. தோலில் படுவதும் தீங்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன, லத்தீனுக்குக்கூட இது வாய்க்கவில்லை! எனவே நோசிசெப்டார் 'ஊறுணரி', அது செய்யும் வேலையான நோசிசெப்ஷன் 'ஊறுணர்தல்'.

'நோசி'யும் நம் 'நோவு'ம் ஒலியில் நெருங்கி வருவதைப் பார்த்து இரண்டையும் ஒரே வேராக்கிவிட வேண்டாம். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. வலிநிவாரணி என்ற சொல்லையும் மாற்றத் தேவையில்லை, அந்த மாத்திரையை நாம் போடுவது வலிக்காகத்தானே.